கூகுளில் உங்கள் தளம் வரவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்

கிளிநொச்சியிலிருந்து பனங்கட்டியும் ஒடியலும் விற்க ஓர் இணையத்தளம் தொடங்கினேன். தேடுபொறி உகப்பாக்கம், அதாவது தேடல் முடிவுகளில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவருவது பற்றிய காணொளிகளை மூன்று மாதம் பார்த்தும் கூகுளில் தளம் தலைகாட்டவே இல்லை. அழுகையே வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால், தளத்தை உருவாக்கப் பயன்படுத்திய வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில், வாசிப்புப் பகுதியில், தளத்தைத் தவிர்க்கும்படி தேடுபொறிகளிடம் சொல்லும் பெட்டியில் சரி அடையாளம் இருந்தது!

ஆகவே வேறெதையும் படிக்கும் முன், கூகுளில் ‘சைட்’ (site) என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளியிட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைக் கொடுத்துத் தேடுங்கள். ஒரு பக்கமும் வராவிட்டால் அந்தப் பெட்டியைப் பாருங்கள்; சரி அடையாளம் இருந்தால் நீக்குங்கள். பிறகு, தள உரிமையாளர்களுக்கான கூகுளின் கருவியான கூகுள் சேர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து, முகப்புப் பக்கத்தைக் கூகுள் தேடலில் சேர்க்கும்படி கோருங்கள். கட்டணம் இல்லை. சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம், பொறுத்திருங்கள்.

மக்கள் எந்தச் சொற்களைத் தேடும்போது உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்பதையும் அங்கேயே காணலாம். எனக்கு மிகவும் உதவியது இதுதான். வன்னியில் நாம் பனங்கட்டி என்பதைத் தமிழ்நாட்டில் கருப்பட்டி என்கிறார்கள். பக்கத் தலைப்பில் இரண்டு சொற்களையும் இயல்பாகச் சேர்த்தேன். அதன் பிறகுதான் சென்னையிலிருந்து முதல் விசாரிப்பு வந்தது.