படிச்சது மறக்காம இருக்க: புரோட்டீன் கணக்கு

எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி மொத்தமா முட்டி மோதி படிக்கிறத முதல்ல விடுங்க. படிச்சது நாள்கணக்குல நிக்கணும்னா மூளை செல்லுங்க புதுசா புரோட்டீன் செஞ்சு, செல்லுக்கு செல்லு இருக்கற இணைப்ப பலப்படுத்தணும் (முட்டை சாப்பிட்டா வர்ற புரோட்டீன் இல்லீங்க, செல்லே உள்ள செய்யறது).

1960கள்ல அக்ரனாஃப்னு ஒரு விஞ்ஞானி தங்கமீனுக்கு டிரெயினிங் குடுத்த உடனே புரோட்டீன் உருவாக்கத்த தடுக்கற பியூரோமைசின் ஊசி போட்டாரு, கத்துக்கிட்டது போச்சு, ஆனா ஒரு மணி நேரம் கழிச்சு போட்டா ஒண்ணும் ஆகல. அதனால படிச்ச உடனே வேற கஷ்டமான பாடத்துக்கு தாவாதீங்க, கொஞ்சம் சும்மா இருங்க.

இடைவெளி ரொம்ப முக்கியம். பழ ஈக்கு பத்து தடவை 15 நிமிஷ கேப் விட்டு சொல்லிக்குடுத்தாதான் புது புரோட்டீன் தேவைப்படற இந்த நீண்டநாள் நினைவு உருவாச்சு, அதே பத்த கேப்பே இல்லாம குடுத்தா உருவாகல. ஈக்கே அப்படின்னா நமக்கு?

சோ இன்னைக்கு அரை மணி, நாளைக்கு புக்க மூடிட்டு ஒருக்கா ஞாபகப்படுத்தி பாருங்க, அப்புறம் மூணு நாள் கழிச்சு மறுபடி. நடுவுல தூக்கத்த மட்டும் வெட்டாதீங்க.