திருப்புளி உள்ளே போன நாள்: துருவைத் துப்பறியும் முறை

நான் இரும்புக்குப் பெயின்ட் அடிப்பவன். கேட், ஜன்னல் கிராதி, மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, இவைதான் என் பிழைப்பு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வெளிப்படிக்கட்டின் கைப்பிடிக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, மேலே இரண்டு கோட் எனாமல் கொடுத்தேன். எட்டே மாதத்தில் மூன்று கம்பங்களின் அடியில் பழுப்பு நீர் வடிந்திருந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி வடிந்தது. மூன்றாம் முறை எரிச்சலில் திருப்புளியால் ஒரு குத்துக் குத்தினேன். திருப்புளி பாதிவரை கம்பத்துக்குள் போய்விட்டது. வெளியே என் பெயின்ட் பளபளக்க, உள்ளே குழாய் உளுத்துப் போயிருந்தது. உச்சியில் மூடியை வெல்டிங் வைத்த இடத்தில் ஊசித் துளை. அதன் வழியே இறங்கிய மழைநீர் போக வழியில்லாமல் அடியிலேயே தேங்கியிருக்கிறது.

அதற்குப் பிறகு, பிரஷ்ஷைக் கையில் எடுக்கும் முன் ஒரு மணி நேரமாவது பார்த்துவிட்டுத்தான் வேலை. நீங்களும் உங்கள் கேட்டையோ சைக்கிள் ஸ்டாண்டையோ இப்படிப் பார்க்கலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். டார்ச், சின்ன காந்தம், மழுங்கிய திருப்புளி, சிறிய சுத்தியல், சாக்பீஸ், கம்பி பிரஷ், ஒரு நோட்டு. தடிமன் அளக்கும் வெர்னியர் இருந்தால் நல்லது.

பார்க்கப் போவதற்கு ஏற்ற நேரம் மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து. வெயில் பட்ட இடமெல்லாம் காய்ந்திருக்கும். சில இடங்கள் மட்டும் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போடுங்கள். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, இன்னும் காயாத இடங்களுக்கு இரண்டாவது கோடு. இரட்டைக் கோடு விழுந்த இடங்களில்தான் உங்கள் விசாரணை. இப்போது துரு கண்ணில் படாவிட்டாலும் அங்கேதான் முதலில் வரும். மழை இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பாருங்கள், அது எந்த வழியில் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஏன் இப்படி என்பதை வீட்டிலேயே ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் பார்க்கலாம். நன்றாகத் தேய்த்த இரும்புத் தகட்டில் அந்தச் சொட்டை வையுங்கள். சில மணி நேரத்தில் சொட்டுக்குள் வளையமாகத் துரு படியும். துடைத்துப் பார்த்தால் சொட்டின் விளிம்பு சுத்தமாக இருக்கும், நடுப்பகுதி அரித்திருக்கும். யூலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி பெயரால் இந்தச் சொட்டுச் சோதனையைச் சொல்வார்கள். விளிம்பில் காற்று தாராளமாகக் கிடைக்கிறது, நடுவில் குறைவு. காற்று குறைந்த இடத்தில் இரும்பு கரைகிறது. அங்கே விடுபடும் எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே விளிம்புக்குப் போய், அங்குள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்கின்றன. ஒரு சொட்டுக்குள் குட்டி பேட்டரி ஒன்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாஷருக்கு அடியில், ஒட்டிய சேற்றுக்கு அடியில், மூலையில் குவிந்த சருகுக்கு அடியில் குழி விழுவது இதனால்தான். காற்றே படாத இடம் பத்திரம் என்று நினைத்து பலர் அங்கே பார்ப்பதே இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

இனி கண்ணால் பார்ப்பது. பழுப்புக் கறை தெரிந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடாமல் கறையைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். வடிந்தது இங்கே, கிளம்பியது வேறெங்கோ. அநேகமாக ஒரு போல்ட், ஒரு வெல்டிங், இல்லையென்றால் இரண்டு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்த இடுக்கு. நிறமும் பேசும். பளிச்சென்ற ஆரஞ்சு புதியது, விரலில் ஒட்டும். பொருக்குப் பொருக்காக அடுக்கடுக்காய் உரிவது பல காலத்துத் துரு. துத்தநாக முலாம் பூசிய கம்பியில் வெள்ளை மாவு தெரிந்தால் துத்தநாகம் தன்னைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, இரும்பு இன்னும் பத்திரம். அந்த வெள்ளைக்கு நடுவே ஆரஞ்சுப் புள்ளி வந்தால் அங்கே முலாம் தீர்ந்துவிட்டது. செம்பு, பித்தளையில் வருவது பச்சைக் களிம்பு. பெரும்பாலும் அது கவலைப்பட வேண்டியதல்ல.

கம்பம் மண்ணிலோ சிமென்ட் தரையிலோ புகும் இடத்தில் குனிந்து பாருங்கள். உட்கார்ந்து பார்ப்பது இன்னும் நல்லது. ஈரம், மண், உப்பு, நாய் வந்து காலைத் தூக்குவது, எல்லாம் அந்த ஒரு சாண் உயரத்தில்தான். விளக்குக் கம்பங்கள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் மெலியும். அடுத்து பட்டைகளின் கூர்மையான ஓரம், அறுத்த முனை. ஈரப் பெயின்ட் ஓரத்திலிருந்து பின்வாங்கிவிடும், அதனால் அங்கே பூச்சு எப்போதும் மெல்லிசு. படுக்கைவசக் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத கொப்புளம் விரலுக்குத் தெரியும்.

இடுக்குக்குள் வரும் துருவுக்கு இன்னொரு குணம் உண்டு. அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு பட்டைகளுக்கு நடுவே நுழைந்தால் ஜாக்கி போலப் பிளக்கும், போல்ட்டையே இழுத்து வளைக்கும். 1886-இல் நிறுவிய அமெரிக்க சுதந்திர தேவி சிலையில் இதுதான் நடந்தது. வெளியே செம்புத் தோல், உள்ளே இரும்புப் பட்டைகள். இரண்டும் தொடாமலிருக்க அரக்கில் தோய்த்த கல்நார் வைத்திருந்தார்கள். அது நைந்து போனதும் இரும்பு அரித்து உப்பி, பட்டைகளைப் பிடித்திருந்த ரிவெட்டுகள் பிடுங்கிக்கொண்டன. நூற்றாண்டுக்காகச் செய்த பழுதுபார்ப்பில் அநேகமாக எல்லா இரும்புப் பட்டைகளையும் மாற்றினார்கள்.

ஆகவே வேறு வேறு உலோகங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் இரண்டில் ஒன்று மற்றதற்காகக் கரையும். செம்பும் இரும்பும் தொட்டால் இரும்பு கரையும், இரும்பும் துத்தநாகமும் தொட்டால் துத்தநாகம் கரையும். 1824-இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில வேதியியலாளர் கப்பலின் செம்புத் தகட்டைக் காக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளை வைத்துப் பார்த்தது இதே கணக்குதான். அளவும் முக்கியம். பெரிய செம்புத் தகட்டில் சின்ன இரும்பு ஆணி அடித்தால் அந்த ஆணி சீக்கிரமே போய்விடும். பெரிய இரும்புத் தகட்டில் சின்ன செம்பு ரிவெட் என்றால் பாதிப்பு மெதுவாகத்தான் தெரியும்.

எவர்சில்வரை நம்பி ஏமாந்த கதை ஒன்றும் உண்டு. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால் அதன்மேல் மெல்லிய காப்புப் படலம் தானாக உருவாகிறது, சரி. நான் இரும்புக்கு வைத்திருந்த கம்பி பிரஷ்ஷால் அதைத் தேய்த்துவிட்டேன். அடுத்த மழைக்கு அம்மை போட்ட மாதிரி பழுப்புப் புள்ளிகள். பிரஷ்ஷின் இரும்புத் துகள்கள் பதிந்து, அவை துருப்பிடித்திருந்தன. எவர்சில்வருக்கு எவர்சில்வர் பிரஷ் என்று தனியாக வையுங்கள். புள்ளி நன்றாகத் துடைத்தும் திரும்ப வந்து, அதே இடத்தில் குழியும் இருந்தால், உப்புதான் காரணமாக இருக்கும்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு 'டிங்' என்னும். மெலிந்த இடம் 'டப்' என்று அமுங்கும். சந்தேகம் வந்த இடத்தில் திருப்புளி முனையை வைத்து அழுத்துங்கள். காந்தம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் சிலர் ஓட்டையைப் பட்டியால் அடைத்து மேலே பெயின்ட் பூசிவிடுவார்கள். காந்தம் வழுக்கி விழுந்தால் அங்கே இரும்பே இல்லை.

பொருக்கின் தடிமனைப் பார்த்து பயப்பட வேண்டாம், தைரியமும் வேண்டாம். பொருக்கைச் சுரண்டி உலோகம் தெரியும்வரை தேய்த்து, மிச்சமிருக்கும் தடிமனை அளந்து, அதே பட்டையில் ஈரம் படாத இடத்தோடு ஒப்பிடுங்கள். தேதி போட்டு எழுதுங்கள். ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடம், அதே கோணம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டுங்கள், முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

எல்லாவற்றையும் நீங்களே தட்டிப் பார்க்கக் கூடாது. நிரம்பிய தொட்டியைத் தாங்கும் ஸ்டாண்டு, கேஸ் குழாய், பால்கனியைத் தாங்கும் இரும்பு, கம்பி வழியே வெடித்த கான்கிரீட், இவற்றைப் பொறியாளரிடம் விடுங்கள். அமெரிக்காவில் 1967 டிசம்பர் 15 அன்று சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். பாலத்தைத் தாங்கிய சங்கிலிக் கண்ணிகளில் ஒன்றில், இணைப்புக்குள் மறைந்திருந்த சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழ வெடிப்பு அதற்குக் காரணம். இணைப்பைப் பிரிக்காமல் எந்தக் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது.

என் கைப்பிடிக்கு வருகிறேன். உளுத்த மூன்று கம்பங்களையும் அறுத்து மாற்றி, மூடிகளின் ஊசித் துளைகளை அடைத்தோம். மீதி ஒன்பது கம்பங்கள் பார்வைக்கும் தட்டலுக்கும் நன்றாகவே இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று அவற்றின் அடியிலும் ஆறு மில்லிமீட்டர் துளை போட்டேன். ஏழில் ஒன்றும் வரவில்லை. இரண்டிலிருந்து கறுப்புத் தண்ணீர் என் செருப்பு நனைய வடிந்தது.