வேர் சுருளாத மரக்கன்று: எந்தத் தொட்டியில் வளர்ப்பது?

நர்சரியில் வாங்கிய வேப்பங்கன்றின் கருப்பு கவரைக் கிழித்து அடிப்பக்கம் பாருங்கள். பல கன்றுகளில் ஆணிவேர் அடியில் முட்டி, கவரையே சுற்றிச் சுற்றி வந்திருக்கும். நட்ட பிறகும் அது நேராகாது. அப்படியே பருத்தால் மரத்துக்குப் பிடிமானம் குறைவு. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த ஊர் நம் சென்னை, அதனால் தொட்டி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வேர் இப்படிச் சுற்றாமல் தடுக்கும் தொட்டியை வேர் கத்தரிக்கும் தொட்டி என்பார்கள். கத்தரிக்கோலுக்கு அதில் வேலை இல்லை. வேர்நுனி ஓட்டை வழியாக வெளிக்காற்றைத் தொட்டதும் காய்ந்து நின்றுவிடும். பிறகு மேலே பக்கவேர்கள் கிளைக்கும், அவ்வளவுதான்.

படி 1: கன்று எத்தனை மாதம் தொட்டியில் இருக்கும் என்று முடிவு செய்யுங்கள். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் கொட்டும். கொட்டையின் முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும் என்பதால் சதையைக் கழுவி உடனே விதைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நட்டுவிடலாம். மூன்று, நான்கு மாதத்துக்குப் பெரிய பை தேவையே இல்லை.

படி 2: தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். குறுகிய காலத்துக்கு ரூட் டிரெய்னர் என்ற அடியில் ஓட்டையுள்ள சின்னத் தொட்டி. கூம்பு மாதிரி இருக்கும். வாங்கும்போது உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். மேலிருந்து கீழாக வரிவரியாக மேடு தட்டுப்பட வேண்டும். வேரைச் சுற்ற விடாமல் கீழே இறக்குவது அந்த மேடுதான். உள்சுவர் வழவழவென்று இருந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேம்புக்கு 150 மில்லி பிடிப்பதே நடுவதற்குள் நெருக்கமாகிவிடும். புங்கன், புன்னை மாதிரி பெரிய விதைக்கும் சேர்த்து 300 மில்லி எடுப்பது நல்லது.

ஒரு வருடம் வரை வைக்க வேண்டுமென்றால் துணி குரோ பேக். அதிலும் வேர்நுனி சுற்றாமல் நின்றுவிடும். ஆனால் தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் சித்திரை வெயிலுக்கு இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்பு போர் தண்ணீர் ஊற்றினால் துணியில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். மெட்ரோ தண்ணீரோ மழைநீரோ ஊற்றுங்கள்.

படி 3: தரையில் வைக்காதீர்கள். எவ்வளவு நல்ல டிரெய்னரும் ஈரத்தரையில் உட்கார்ந்தால் சாதாரண கவர்தான். வேர் வெளியே வந்து தரையோடு ஊர்ந்து போகும். இரண்டு பக்கமும் ஹாலோ பிளாக், நடுவில் காயலான் கடை இரும்புக் கம்பிவலை. அடியில் ஒரு சாண் காற்றோட்டம் இருந்தால் போதும்.

படி 4: வெறும் தோட்டமண் டிரெய்னரின் சின்னக் குழியில் இறுகிவிடும். கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. உப்பு போக கோகோபீட்டை இரண்டு முறை அலசிக்கொள்ளுங்கள்.

படி 5: நடும் முன் ஒரு கன்றை மட்டும் உருவிப் பாருங்கள். கலவை உதிராமல் முழுசாக வந்தால் தயார். உதிர்ந்தால் மற்றவற்றை இன்னும் இரண்டு வாரம் விட்டுவையுங்கள். கடற்கரை ஓரம் நடுவதாக இருந்தால் புன்னை, பூவரசு எடுங்கள், உப்புக்காற்றைத் தாங்கும்.