வெயிலுக்குப் பயந்து டயரில் காற்றைக் குறைக்காதீர்கள்: பைக் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்திரி வெயில் தொடங்கியதும் பஞ்சர் கடைகளிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் ஓர் அறிவுரை கிடைக்கும்: "வெயில் காலம், காத்தைக் கொஞ்சம் கம்மியா வைங்க. இல்லன்னா ஹைவேயில டயர் வெடிச்சிடும்." அக்கறையோடு சொல்வதுதான். கேட்பதற்கும் நியாயமாகவே இருக்கும். சூடானால் காற்றின் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் டயர் வெடிக்கும் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. இந்தக் கணக்கின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நம்பிக் காற்றைக் குறைப்பவர்கள், எதற்குப் பயந்தார்களோ அதற்கே வழி செய்துகொள்கிறார்கள்.

28 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்றுள்ள டயர் 10 டிகிரி சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். விழுப்புரத்திலிருந்து திருச்சி வரை மே மாத மதியத்தில் நிற்காமல் ஓட்டினாலும் 28 என்பது 31 அல்லது 32 ஆகும். நல்ல நிலையில் உள்ள டயருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஓடும்போது அழுத்தம் இப்படிக் கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் கம்பெனி அந்த 28-ஐச் சொல்கிறது.

டயரை உண்மையில் கெடுப்பது காற்றுக் குறைவு. டயர் சாலையைத் தொடும் இடத்தில் அதன் பக்கச்சுவர் கொஞ்சம் பிதுங்கி, மேலே போனதும் நிமிரும். சாதாரண 18 அங்குலச் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 500 தடவைக்கு மேல் சுற்றுகிறது. அத்தனை தடவையும் ரப்பரின் ஒவ்வொரு இடமும் மடங்கி நிமிர வேண்டும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைத்த இடம் சுடுமே, அதே சூடுதான் இங்கும். காற்று குறையக் குறைய மடிப்பு ஆழமாகும், சூடு பெருகும். தார்ச்சாலையின் சூடும் அதோடு சேர்ந்துகொள்கிறது. உள்ளிருக்கும் நூலடுக்கு ரப்பரை விட்டுப் பிரியும். டியூப் உள்ள டயரென்றால் பழைய பஞ்சர் ஒட்டு பெயரும். ஆகவே வெயில் காலத்திலும் கம்பெனி வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் அளவு. ஒரு பி.எஸ்.ஐ. கூடக் குறைக்கத் தேவையில்லை.

சூட்டோடு அளந்து காற்றை இறக்குவது

மேலே சொன்ன தவறின் உடன்பிறப்பு இது. கம்பெனி தரும் எண், குளிர்ந்த டயருக்கான எண். குளிர்ந்த டயர் என்றால் வண்டி மூன்று மணி நேரமாவது நிழலில் நின்றிருக்க வேண்டும், அல்லது அதிகம் போனால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடியிருக்க வேண்டும். 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பங்க்கில் நிறுத்தி, "32 காட்டுது, 28-க்கு இறக்குங்க" என்று சொன்னால், மறுநாள் காலையில் டயரில் 24 அல்லது 25தான் இருக்கும். சூடான டயரில் காற்றை ஒருபோதும் இறக்கக் கூடாது. அதிகமாகத் தெரிந்தால் அப்படியே விட்டுவிட்டு, காலையில் அளந்து முடிவு செய்யுங்கள்.

பங்க் வீட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் என்ன செய்வது? இதற்கு எளிய வழி உண்டு. காலையில் கிளம்பும் முன் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். வேண்டியது 28, இருப்பது 22 என்றால் பற்றாக்குறை 6. பங்க்குக்குப் போய்ச் சேரும்போது டயர் கொஞ்சம் சூடாகி 24 காட்டலாம். அப்போது 28 வரை அல்ல, 24-உடன் அந்த ஆறையும் சேர்த்து 30 வரை அடிக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த பிறகு அது 28-க்கு வந்து நிற்கும்.

இதற்கு உங்களிடம் சொந்தமாக ஒரு கேஜ், அதாவது காற்றழுத்தத்தை அளக்கும் கருவி, இருக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்கு நல்லதே கிடைக்கிறது. பைக் பராமரிப்புக்கு வாங்கும் பொருள்களில் இதைவிடப் பயனுள்ள ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. பங்க் கேஜ்கள் நாள் முழுக்கத் தரையில் விழுந்து அடிபடுபவை. ஒன்று காட்டுவதை இன்னொன்று காட்டாது. உங்கள் கேஜ் அரை பி.எஸ்.ஐ. முன்பின் காட்டினாலும், எப்போதும் அதே கேஜில் பார்த்தால் டயர் எவ்வளவு இறங்குகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

எந்த எண்ணை நம்புவது

டயரின் பக்கச்சுவரில் ஒரு பி.எஸ்.ஐ. எண் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து அந்த அளவுக்கே காற்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது உங்கள் வண்டிக்கான அளவு இல்லை. அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்சச் சுமையை ஏற்றும்போது இருக்க வேண்டிய அழுத்தம் அது. ஒரே டயர் எடை குறைந்த வண்டியிலும் ஓடும், கனமான வண்டியிலும் ஓடும். உங்கள் வண்டிக்கான எண் செயின் கவரிலோ ஸ்விங்கார்மிலோ (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் கையேட்டில் இருக்கும்.

சில ஸ்டிக்கர்களில் பி.எஸ்.ஐ. இருக்காது. சதுர சென்டிமீட்டருக்கு 2.00 கிலோ என்று இருந்தால் அது 28 பி.எஸ்.ஐ., 2.25 என்றால் 32. கிலோபாஸ்கலில் 200 என்று இருந்தால் 29.

"ரெண்டுலயும் 30 வைங்க" என்பது பங்க்குகளில் அடிக்கடி கேட்கும் குரல். முன் டயரும் பின் டயரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 100 முதல் 150 சிசி வரையுள்ள பல வண்டிகளில் முன் டயருக்கு 25, தனியாக ஓட்டும்போது பின் டயருக்கு 28 அல்லது 29 என்று இருக்கும். முன் டயரில் 30-க்கு மேல் ஏற்றினால் டயர் சாலையைத் தொடும் பரப்பு சுருங்கும், மேடு பள்ளத்தில் சக்கரம் துள்ளும். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டயருடையது. மணல் படிந்த வளைவில் அந்தப் பிடிமானம் குறைந்தால் கீழே விழ வேண்டியதுதான்.

தானியங்கிக் காற்று மிஷின் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். உங்களுக்கு முன்னால் நின்ற கார்க்காரருக்கு வைத்த 33 அப்படியே திரையில் இருக்கும். காற்று அடிப்பவர் அவசரத்தில் மாற்றாமலே குழாயை மாட்டிவிடுவார். இறங்கி நின்று எண்ணைப் பாருங்கள். முன் டயர் முடிந்து பின் டயருக்குப் போகும்போதும் பாருங்கள். "அண்ணா, முன்னாடி 25, பின்னாடி 32" என்று வாய்விட்டுச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் பங்க்குகளுக்கு விதித்திருக்கும் கடமை. சலுகை கேட்பதாக நினைக்காதீர்கள்.

நம் ஊரில் மிகப் பரவலான தவறு என்று நான் கருதுவது, பின்னால் ஆள் ஏறும்போது அளவை மாற்றாமல் இருப்பது. ஸ்டிக்கரில் பின் டயருக்கு இரண்டு எண்கள் இருக்கும்: ஒருவர் மட்டும் போகும்போது ஒன்று, இருவர் போகும்போது ஒன்று. இரண்டாவது எண் ஒரு வண்டியில் 32 ஆக இருக்கும், இன்னொன்றில் 40-ஐத் தொடும். இவ்வளவு வித்தியாசம் வைத்திருப்பதற்குக் காரணம், பின்னால் உட்காருபவரின் எடை கிட்டத்தட்ட முழுவதும் பின் சக்கரத்தின் மேல் இறங்குவதுதான். மனைவியும் பிள்ளையும் தினமும் கூட வருகிறார்கள், பால் கேனோ அரிசி மூட்டையோ கட்டிப் போகிறீர்கள் என்றால் இருவருக்கான எண்ணே உங்கள் அன்றாட எண். வாரத்தில் ஆறு நாள் தனியாகப் போய், ஞாயிறு மட்டும் குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள் அன்று காலையில் ஏற்றிக்கொண்டால் போதும். அப்படியே பின் ஷாக் அப்சார்பரின் அட்ஜஸ்டரையும் ஒரு படி இறுக்கிக்கொள்ளுங்கள்.

காலால் உதைத்துப் பார்ப்பது

காலால் உதைத்தோ கட்டைவிரலால் அழுத்தியோ "காத்து இருக்கு" என்று சொல்லிவிடுவது சைக்கிளில் வந்த பழக்கம். டியூப்லெஸ் டயரின் பக்கச்சுவர் தடிமனானது. 18-க்கும் 28-க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணுக்குச் சப்பையாகத் தெரியும்போது பாதிக் காற்று போயிருக்கும். ஓட்டும்போது கிடைக்கும் அறிகுறிகள் இதைவிட நம்பகமானவை: ஹேண்டில் கனமாகத் திரும்புவது, வளைவில் வண்டி பின்தங்கி ஆடுவது, வழக்கமான மைலேஜ் குறைவது. இவையும் தாமதமாகத்தான் தெரியும். பஞ்சர் இல்லாத டயரிலும் ரப்பர் வழியாக மாதம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. கசியும், டியூப் டயரில் இன்னும் அதிகம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அளப்பது போதும். நீண்ட பயணத்துக்கு முன் கட்டாயம்.

நைட்ரஜன், மலைப்பாதை, மழை

நைட்ரஜன் அடித்தால் சூட்டில் அழுத்தம் கூடாது, அளக்கவே தேவையில்லை என்று சொல்லி விற்கிறார்கள். நாம் சாதாரணமாக அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் விரிகின்றன. ஈரப்பதம் இல்லாதது, கசிவு சற்று மெதுவானது என்ற சிறு நன்மைகள் நைட்ரஜனுக்கு உண்டு. ஆனால் ஆணி குத்தினால் அதுவும் வெளியே போகும். நைட்ரஜன் அடித்த டயரில் அவசரத்துக்குச் சாதாரணக் காற்றைச் சேர்ப்பதிலும் தவறில்லை. "கலக்கக் கூடாது" என்று பயந்து குறைந்த காற்றோடு ஓட்டுவதுதான் ஆபத்து.

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஏறும் முன் காற்றைக் குறைப்பவர்களும் உண்டு. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் எண் கூடுவது உண்மைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போனால் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூடும். ஆனால் அங்கே 20 டிகிரி குளிரும் இருந்தால் அதனால் ஏறக்குறைய அதே அளவு குறையும். இரண்டும் சமன். ஒன்றும் செய்ய வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் சரியான காற்று இருப்பதே பாதுகாப்பு.

மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்பதும் தவறு. காற்று குறைந்த டயரின் வரிகள் நெருங்கி, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போகும். தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்பதை 1960-களில் நாசா விமானச் சக்கரங்களை வைத்து ஆராய்ந்து காட்டியது. அழுத்தம் குறைந்தால் அந்த வேகமும் குறையும்.

ஒரே டயர் மட்டும் இறங்கினால்

முன் டயர் அப்படியே இருக்க, பின் டயர் மட்டும் வாரம் நாலைந்து பி.எஸ்.ஐ. இறங்கினால், காற்று அடித்துக்கொண்டே ஓட்டுவது பெரிய தவறு. எங்கோ கசிகிறது. முதலில் வால்வைப் பாருங்கள்: மூடியைக் கழற்றி, விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்தால் குமிழ் வருகிறதா என்று தெரியும். வந்தால் உள்ளே இருக்கும் ஊசியை இறுக்கினாலோ மாற்றினாலோ சரியாகிவிடும். மிகச் சிறிய செலவு. மூடி இல்லாமல் ஓட்டினால் புழுதி உள்ளே போய் அந்த ஊசியைத்தான் கெடுக்கும். வால்வு நன்றாக இருந்தால் சோப்பு நீரை டயர் முழுக்கவும் ரிம் ஓரத்திலும் தடவிப் பாருங்கள்.

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருப்பது தெரிந்தால் வழியில் பிடுங்காதீர்கள். பல நேரம் அந்த ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். காற்றை நிரப்பிக்கொண்டு, மெதுவாக, பின்னால் யாரையும் ஏற்றாமல் அருகிலுள்ள பஞ்சர் கடைக்குப் போங்கள். கடையில் ஒட்டிய பின் பெரும்பாலும் கை மதிப்பில்தான் காற்று அடித்துக் கொடுப்பார்கள். கிளம்பும் முன் உங்கள் கேஜை வைத்து அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். மறுநாள் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் இன்னொரு தடவை அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் அதே கடைக்குத் திரும்பப் போக வேண்டியிருக்கும்.