ஜூனியர் தங்கத்துக்கு அப்புறம் நாம் செய்யும் தவறுகள்

2002 ஜூலை, ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரம். உலக ஜூனியர் (20 வயதுக்குட்பட்டோர்) தடகளப் போட்டி, 200 மீட்டர் இறுதி. ஓடப்போகிற ஒரு பையன் பதற்றத்தில் ஸ்பைக்ஸை, அதாவது ஆணி வைத்த ஓட்டக் காலணியை, கால் மாற்றிப் போட்டுக்கொண்டான். வயது 15. அவன் நாட்டு ஸ்டேடியம், அவன் ஊர்க்காரர்கள், காது கிழிகிற சத்தம். ஸ்பைக்ஸைச் சரியாக மாட்டிக்கொண்டு ஓடி, 20.61 விநாடியில் தங்கம் வாங்கினான். உசேன் போல்ட்.

அதே போட்டியில் 100 மீட்டரை 10.09-இல் ஓடி ஜூனியர் உலக சாதனை படைத்தவர் டிரினிடாட்டின் டாரல் பிரவுன், வயது 17. அடுத்த ஆண்டே பாரிஸில் சீனியர் உலகப் போட்டியில் 10.01 ஓடினார், இறுதியில் வெள்ளி வாங்கினார். ஆனால் அவருடைய வாழ்நாள் சிறந்த நேரம் 9.99. பாரிஸுக்குப் பிறகு அவர் குறைத்தது 0.02 விநாடிதான். தொடர் ஓட்டத்தில் உலகப் பதக்கங்கள் வந்தன. தனிநபர் பதக்கம் இன்னொன்று வரவில்லை. மிக நல்ல வீரர் அவர், சந்தேகமே இல்லை. 17 வயதுப் பையன் ஓடிய நேரத்தை வைத்து 25 வயது மனிதனைக் கணக்குப் போட்டதுதான் தவறு. ஒருவன் 14 வயதிலேயே வளர்ந்துவிடுவான், இன்னொருவன் 19 வரைக்கும் வளர்வான். ஜூனியர் பதக்கம் இந்த இரண்டு பேரையும் பிரித்துக் காட்டாது.

நம் பிள்ளைகளின் நேரமே சரியாக எடுக்கப்படுகிறதா என்பது வேறு கதை. ஒரு மாவட்ட மீட்டில் என் பக்கத்தில் நின்ற அப்பா ஒருவர் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து மகனுக்கு 100 மீட்டர் டைமிங் எடுத்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அழுத்தினார், மார்பு கோட்டைத் தொட்டதும் அழுத்தினார். 10.9 என்று வந்தது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. சத்தம் 100 மீட்டர் கடந்து நம் காதுக்கு வரவே கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகும். அதனால்தான் ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் அதிகாரிகள் சத்தத்தைக் கேட்காமல் புகையைப் பார்த்து அழுத்துகிறார்கள். அப்படி எடுத்தாலும், எலக்ட்ரானிக் டைமிங்கோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டிக்கொள்வதுதான் வழக்கம். பின்காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் வீசினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. பாவம், அந்தப் பையன் அடுத்த மாதம் எலக்ட்ரானிக் டைமிங் உள்ள மைதானத்தில் 11.4 ஓடினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? பயிற்சியில் ஏமாற்றுகிறான் என்பார்கள். 10.9-உடன் அந்த 0.3-ஐயும் 0.24-ஐயும் கூட்டினாலே 11.4 வந்துவிடும்; அவன் ஒரு விரற்கடை கூடப் பின்தங்கவில்லை. நேரத்தை எழுதி வைக்கும்போது கையால் எடுத்ததா, மெஷினா, காற்று எவ்வளவு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இனி பெரிய தவறுக்கு வருவோம். வலியோடு ஓட வைப்பது.

போல்ட் என்றால் நமக்கு அவர் உலக சாதனைகள் படைத்த பீஜிங்கும் பெர்லினும்தான் நினைவுக்கு வரும். நான் இளம் பிள்ளைகளிடம் பேசும்போது 2004 முதல் 2007 வரைக்கும் உள்ள போல்ட்டைப் பற்றித்தான் சொல்வேன். 2004 ஏப்ரலில், 17 வயதில், பெர்முடாவில் நடந்த கரிஃப்டா (கரீபியன் நாடுகளின் இளையோர்) போட்டியில் 200 மீட்டரை 19.93-இல் ஓடினார். 20 விநாடிக்குள் ஓடிய முதல் ஜூனியர் அவர்தான். அப்புறம் தொடையின் பின்தசையில் காயம். ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே 21.05 ஓடி வெளியே வந்தார். நாலே மாதத்தில் ஒரு விநாடிக்கு மேல் போய்விட்டது. 2005 ஹெல்சிங்கி உலகப் போட்டியில் இறுதி வரைக்கும் போய், நடுவில் காயம்பட்டு, 26.27-இல் கடைசியாக வந்தார். பொறுப்பில்லாதவன், ஊர் சுற்றுகிறவன் என்று அவர் நாட்டிலேயே பேசினார்கள்.

காரணம் முதுகில் இருந்தது. அவருக்கு ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கும். அப்படி இருந்தால் இடுப்பு சமமாக நிற்காமல் போகலாம், ஒவ்வொரு எட்டிலும் ஒரு பக்கத் தொடைக்குச் சுமை கூடலாம். தொடைக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் அடுத்த சீசனில் அதே இடத்தில் மறுபடியும் பிடிக்கும். ஏதென்ஸுக்குப் பிறகு பொறுப்பேற்ற கோச் கிளென் மில்ஸ் காலத்தில் ஜெர்மனியில் மருத்துவர் பார்த்தார், வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி அன்றாட வேலை ஆனது. அதன் பலன் முழுதாகத் தெரிய மூன்று வருடம் பிடித்தது.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? பின்தொடை பிடித்த பிள்ளைக்கு ஸ்ப்ரே அடித்து, டேப் சுற்றி, "இன்னும் ஒரே ஒரு மீட்தான் தம்பி" என்கிறோம். பள்ளி மீட், மண்டலம், மாவட்டம், மாநிலம் என்று அந்த ஒரே ஒரு மீட் முடிவதே இல்லை. ஒரே நாளில் 100, 200, தொடர் ஓட்டம் மூன்றிலும் ஹீட்டும் (தகுதிச் சுற்று) இறுதியும் ஓடுகிற பதினாலு வயதுப் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அதே இடம் இரண்டாவது முறை பிடித்தால் அந்த சீசனை விட்டுவிடுங்கள். பிசியோவிடம் காட்டும்போது இடுப்பு, முதுகு, இரண்டு காலின் நீளம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எந்தத் தூரம் ஓடுவது என்பதிலும் அவசரப்படுகிறோம். எல்லோருக்கும் 100 மீட்டர்தான் வேண்டும். போல்ட்டுக்கும் அதே ஆசை. மில்ஸ் 400-க்குத் தள்ளினார். கடைசியில் ஒரு ஒப்பந்தம்: 200 மீட்டரில் தேசிய சாதனையை முறியடித்தால் 100 ஓடலாம். டான் குவாரி 1971-இல் ஓடிய 19.86 அது. 2007-இல் போல்ட் 19.75 ஓடி முறியடித்தார், அடுத்த மாதம் கிரீஸில் ஓடிய 100 மீட்டரில் 10.03 வந்தது. அப்போது வயது 20. பதினைந்து வயதிலேயே ஒரு தூரத்தில் பூட்டி வைத்திருந்தால் இந்தச் சோதனைக்கு இடமே இருந்திருக்காது. வளைவில் ஓடத் தெரிந்த, 300 மீட்டர் பயிற்சி தாங்குகிற பிள்ளைக்கு அந்தப் பலம் 100-இன் கடைசி முப்பது மீட்டரிலும் உதவும்.

கடைசியாக மாத்திரை, பவுடர். 2008 பீஜிங்கில் ஜமைக்கா 4x100 தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியது. அதில் ஓடிய நெஸ்டா கார்ட்டரின் மாதிரியை வருடங்கள் கழித்து மறுபடி சோதித்தபோது மெத்தில்ஹெக்ஸனமைன் என்ற ஊக்கமருந்து இருந்தது. 2017-இல் மொத்த அணியின் தங்கமும் போனது. போல்ட்டின் ஒன்பது தங்கம் எட்டானது. அந்தத் தங்கம் போய்ச் சேர்ந்தது பிரவுனின் டிரினிடாட்டுக்கு. அந்த மருந்து சில சப்ளிமென்ட் பவுடர்களில் கலந்திருப்பது உண்டு. ஜலதோஷ மாத்திரை சிலவற்றிலும் போட்டி நாளில் கூடாத பொருள் இருக்கும். ஜிம் அண்ணன் கொடுத்த டப்பாவைத் திறக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் எது வாங்கினாலும் "நான் ஓட்டக்காரன், டோப் டெஸ்ட் உண்டு" என்று சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், அட்டையைத் தூக்கிப் போடாமல் பையிலேயே வைத்திருங்கள்.