பழைய காரை எடைக்குப் போடும்போது செய்யும் தவறுகள்

மதுரையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், காற்று இறங்கிய டயரோடு ஒரு பழைய கார் மரத்தடியில் நிற்கும். எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டச் செலவு கட்டாது என்று கடைசியில் காயலான் கடைக்குப் போய்விடும். அந்தக் காரின் எடையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு உலோகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் எடையில் 85 சதவீதமாவது மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ போயாக வேண்டும் என்பது 2015 முதல் விதி. நம் ஊரில் எவ்வளவு மிஞ்சும் என்பது வண்டியைப் பிரிக்கிற விதத்தில் இருக்கிறது.

"அப்படியே வெட்டி எடை போடுங்க" என்று சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் முதலில் வடிக்க வேண்டும். தரையில் விட்ட ஆயில் அடுத்த மழைக்கு வாய்க்காலில் இறங்கும். நம் கிருதுமால் நதி படுகிற பாடு போதாதா? ஏசி கேஸையும் காற்றில் திறந்துவிடக் கூடாது.

அப்புறம் ஒயரிங். இதில்தான் பெரிய சேதம். செம்புக் கம்பி இரும்போடு கலந்து உலைக்குள் போய்விட்டால், உருகிய பிறகு அதைப் பிரிக்க நடைமுறையில் வழியில்லை. அந்த எஃகைச் சூட்டோடு உருட்டும்போது மேலெல்லாம் வெடிப்பு விடும். அதனால் ஒயரை முன்னாடியே உருவிவிட வேண்டும். சரி, உருவியதைக் குவித்துக் கொளுத்துகிறார்களே, அது அதைவிட மோசம். பி.வி.சி. உறை எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு கிளம்பும். கொளுத்துகிறவர்தான் அதை முதலில் சுவாசிக்கிறார். உறையைச் சீவி எடுத்த செம்புக்குக் கருகிய செம்பைவிட நல்ல விலையும் கிடைக்கும்.

பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். திரும்பத் திரும்ப உருக்கினாலும் தரம் குறையாது. ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்ற விடாமல் பேட்டரியை அப்படியே பேட்டரிக் கடையில் கொடுத்துவிடுங்கள். சைலன்சருக்கு முன்னால் இருக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை இரும்பு விலைக்குக் கொடுக்காதீர்கள். உள்ளே பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கும். ஏர்பேக் உள்ள வண்டியில் பழக்கமில்லாதவர் சுத்தியலை வைக்கவே கூடாது.

பணத்தை வாங்கிக்கொண்டு ஆர்.சி.யை மறந்துவிடுவது இன்னொரு தவறு. வண்டி உங்கள் பெயரில்தான் இருக்கும்; நம்பர் பிளேட்டும் சேஸிஸ் நம்பரும் திருட்டு வண்டியில் ஏறினால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வாகன அழிப்பு பற்றிய 2021 மத்திய அரசு விதிகளின்படி பதிவு பெற்ற அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. ஏற்கெனவே வெட்டியாகிவிட்டதா? மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு 14 நாள் தருகிறது. டி.என். 58, 59, 64 எதுவானாலும் வண்டி வழக்கமாக நிற்கும் உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பதிவை ரத்து செய்துவிடுங்கள்.