பனிச்சறுக்கு பூட்ஸ்: ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள்

சிங்கப்பூர் வந்து ஒரு வருடம் ஆவதற்குள் அலுவலகத்தில் யாராவது கேட்பார்கள்: "டிசம்பர் லீவுக்கு ஜப்பான்ல ஹொக்கைடோ போறோம், பனிச்சறுக்கு விளையாட, வர்றீங்களா?" போங்கள். முதல் தடவை பூட்ஸ் வாங்க வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பனிச்சறுக்கு பிடித்துப்போய் மறுபடியும் போவதாக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

பள்ளிக்கூட ஷூவை "வளர்ற பிள்ளை" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கித்தானே வளர்ந்தோம். அதே புத்தியில் நான் தாராளமாக ஒன்று வாங்கி, இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸோடு போனேன். சரிவில் கால் உள்ளுக்குள் முன்னே ஓடி ஓடி, இரண்டாம் நாளே பெருவிரல் நகம் கறுத்துவிட்டது.

இந்த பூட்ஸின் சைஸ் எண் பாதத்தின் நீளம்தான், சென்டிமீட்டரில். குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று இரண்டு பாதங்களையும் அளந்து, நீளமானதைக் கணக்கில் எடுங்கள். கடையில் மெத்தென்ற உள்ளுறையை உருவிவிட்டு வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடுங்கள். விரல் நுனி முன்னால் தொடும்போது குதிகாலுக்குப் பின்னே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. உறையோடு போட்டு நிமிர்ந்து நின்றால் விரல் முன்னே இடிக்கும். பயப்படாதீர்கள், முழங்காலை மடக்கியதும் பின்வாங்கும். ஒரே இடத்தில் குத்தினால் மட்டும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். வெளி ஓட்டைச் சூடாக்கி அந்த இடத்தை விரித்துத் தருவார்கள். வீட்டில் ஹேர் டிரையரை வைத்துக்கொண்டு நீங்களே முயல வேண்டாம்.

சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லியதாக. உள்ளே போடும் தெர்மல் பேன்ட்டின் நுனியை பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள். அந்த ஒரு மடிப்பு போதும், முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தை நாள் முழுக்க அழவைக்க. போட்டதும் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னே அமர்த்தி, முழங்காலை மடக்கி, கணுக்கால் கொக்கியை முதலில் இறுக்குங்கள். விரல் பக்கத்துக் கொக்கிகள் தளர்வாகவே இருக்கட்டும். பயணத்துக்கு முன் சில நாள் மாலையில் ஏர்கானைப் போட்டுவிட்டு, அரை மணி நேரம் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டிருங்கள். உறை கொஞ்சம் கொஞ்சமாகக் காலுக்குப் படியும்.

அப்புறம் நம் ஊர் ஈரப்பதம். திரும்பி வந்ததும் உறையைக் கழற்றி நன்றாகக் காயவைக்காமல் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஸ்டோர் ரூமில் போட்டால் பூசணம் பிடிக்கும். பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன வெளி ஓடும் ஈரத்தில் வருடக்கணக்கில் நைந்து, ஒருநாள் சரிவிலேயே உடையலாம். யாரோ பத்து வருடம் ஸ்டோர் ரூமில் வைத்திருந்ததைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.